படுத்துப் பார்த்து வாங்கிய கதவு

ஐப்பசி மூன்றாவது வாரம், விடிகாலை ஐந்தேகால் மணி. எண்ணெய்ச் சட்டியை ஏற்றுவதற்குமுன் கொல்லைக் கதவைத் திறந்தால்தான் புகை வெளியேறும். தாழ்ப்பாளை இழுத்துவிட்டுக் கதவைத் தள்ளினேன். மேல்பாதி போனது, கீழ்ப்பாதி வர மறுத்தது. குனிந்து பார்த்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தகடே இல்லை. அது இருந்த இடத்தில் பச்சை எனாமல் பூச்சு மட்டும் காகிதம்போல நின்றுகொண்டிருந்தது. விரலை வைத்தேன், விரல் உள்ளே போய்விட்டது. அந்தக் கதவுக்கு வயது ஆறு.

பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டில் பலகாரத் தொழில் நடக்கிறது. தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், கைமுறுக்கு, கல்யாண நாட்களில் அதிரசம். வேலை செய்பவர்கள் பன்னிரண்டு பேர். அதே வீட்டின் முகப்பில் பர்மா தேக்கில் ஒரு கதவு நிற்கிறது. என் மாமனாரின் தகப்பனார் வைத்தது. அதற்கு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைப்பதைத் தவிர நான் எதுவும் செய்ததில்லை. முன்னால் மரம் நூறு வயதை நெருங்குகிறது. பின்னால் இரும்பு ஆறு வயதில் போய்ச்சேர்ந்துவிட்டது. இந்தக் கணக்கு என்னை உறுத்தியது.

உறுத்தினாலும் முதலில் செய்தது முட்டாள்தனம்தான். தீபாவளி வேலை தலைக்குமேல் இருந்ததால் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்து, இற்றுப்போன ஓரடியை அறுத்துவிட்டுப் புதுத் தகடு ஒட்டவைத்தேன். அரை நாள் வேலை. மேலே ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை. பார்க்கப் புதுசாக இருந்தது. மாசி மாதம் வெல்டிங் கோட்டின் வழியே பழுப்புக் கண்ணீர் வடியத் தொடங்கியது. புதுத் தகடும் பழைய தகடும் சேரும் இடத்தில் ஆணியால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

அப்போதுதான் வேறொரு பட்டறையைத் தேடிப் போனேன். காரைக்குடி போகும் வழியில் சிறிய பட்டறை. நடத்துகிற தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவன் வந்து கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். விலை சொல்லவில்லை. "ஆச்சி, இதை முதலில் அறுத்துப் பார்த்துவிடலாமா?" என்று கேட்டான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

கதவைக் கழற்றிக் கொல்லையில் படுக்கவைத்து, கிரைண்டரால் முன்தகட்டைப் பிளந்தோம். முகத்தில் துரு அதிகமில்லை. வயிற்றுக்குள்தான் எல்லாம் இருந்தது. உட்பக்கம் ஒரு துளி பிரைமர்கூட இல்லை. தகடு ஆலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே வைத்து மூடியிருக்கிறார்கள். அடியில் வைத்திருந்த பட்டை, வாய் மேல்நோக்கிய தொட்டிபோல இருந்தது. தண்ணீர் வெளியேற ஒரு துளைகூடக் கிடையாது. அந்தத் தொட்டி முழுவதும் காபித் தூள் குழம்பு மாதிரி துரு. மேல்விளிம்பிலும் அதே கதை. அங்கே பட்டை கவிழ்ந்திராமல் மல்லாந்திருந்ததால் மழைநீர் அதில் தங்கி, மூலை இடுக்கு வழியாக உள்ளே சொட்டியிருக்கிறது.

மழை மட்டும் காரணமென்றால் கார்த்திகையோடு காய்ந்திருக்க வேண்டும். அந்தத் தம்பி சொன்னதும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்த விளக்கம் இது. உள்ளீடற்ற கதவு மூச்சுவிடும். பகலில் வெயில்பட்டு உள்ளிருக்கும் காற்று விரிந்து இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. இரவில் தகடு வானத்தைப் பார்த்துக் குளிர்ந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் இரண்டு மூன்று டிகிரி கீழே போகிறது. உள்ளே சுருங்கிய காற்று வெளியிலிருக்கும் ஈரக்காற்றை இழுத்துக்கொள்கிறது. அந்த ஈரம் தகட்டின் உட்புறத்தில் வியர்வையாகப் படிந்து அடியில் சேர்கிறது. மறுநாள் வெயில் அதைக் காயவைப்பதற்குள் மறு இரவு வந்துவிடும். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று என் மாமியார் சொல்லும்போது குளிரைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கொல்லைக் கதவையும் அது துளைத்திருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு ஈரம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை என்றே எண்ணுவோம். இரும்பைக் கேட்டால் அது வேறு கணக்குச் சொல்லும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிய ஒவ்வொரு மணி நேரமும் அதற்கு நனைந்த நேரம்தான். சொட்டுச் சொட்டாக நீர் தெரிய வேண்டியதில்லை. மார்கழி, தை, மாசி விடியல்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இதில் உப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். சாப்பாட்டு உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டாலே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நாங்கள் உப்புக் கலந்த மாவைப் பிசைந்து, அந்தப் பாத்திரங்களைக் கழுவி, அதே தண்ணீரைக் கொல்லைக் கதவின் காலடி வழியாகத்தான் வாரியடிக்கிறோம். கடல் தொண்டியில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். கடலை நானே தினமும் வாளியில் கொண்டுவந்து கதவுக்கு ஊற்றியிருக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. உலோகம் அரித்துப்போவதை ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நிலையம். கடற்காற்றில் இரும்பு எப்படி இற்றுப்போகிறது என்று பார்க்க மண்டபத்தில் ஒரு களமும் வைத்திருக்கிறார்கள். காரைக்குடி நிலையத்தின் மதிலை ஒட்டி எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. துரு பிடித்த பிறகுதான் அந்த மதில் கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, புதுக் கதவு. எனக்குத் தேவைப்பட்டது ஒன்றல்ல, மூன்று. மேற்கு பார்த்த கொல்லைக் கதவு. பாத்திரம் கழுவும் கூடத்துக் கதவு. குளிர்சாதனம் ஓடுகிற பேக்கிங் அறைக் கதவு. மூன்றையும் ஒரே மாதிரி செய்துவிடலாம் என்று நினைத்துத்தான் பட்டறைக்குப் போனேன். அந்த நினைப்பில் ஒரு மாதம் வீணானது.

மரம் வைக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, கதவு வழவழப்பாகவும் நீரை உறிஞ்சாததாகவும் கழுவுவதற்கு எளிதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தினமும் கழுவித் தள்ளும் இடத்தில் மரக்கதவு அப்படி நிலைக்காது. ரோலிங் ஷட்டர் என்றார் என் கொழுந்தனார். ஷட்டரின் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீர் தங்கும் ஒரு வாய். போதாததற்குச் சுண்டெலிக்கு இருபுறமும் ராஜபாட்டை. அதை இரண்டு நிமிடத்தில் தள்ளிவிட்டோம்.

அலுமினியம் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. கழுவு கூடத்துக்கு அதைத்தான் முதலில் நினைத்தேன். தம்பி ஒரு கேள்வி கேட்டான்: "எண்ணெய்ப் பிசுக்கை எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள் ஆச்சி?" காஸ்டிக் சோடா. அதோடு அலுமினியத்தின் கதை முடிந்தது. காஸ்டிக் சோடாபோன்ற காரம் பட்டால் அலுமினியம் நுரைத்துக் கரையும். அலுமினிய வாணலியில் காரத்தைக் கொட்டிய எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும், ஆனால் கதவு என்று வரும்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. துத்தநாகத்துக்கும் காரம் பகை என்பதையும் அன்றுதான் கேட்டுக்கொண்டேன். அதாவது துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. தகடு போட்டாலும் அதை வெறுமனே விடக்கூடாது, மேலே நல்ல பூச்சு வேண்டும்.

கழுவு கூடத்துக்கு முடிவில் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஜி.ஐ. கதவைப்போல இரண்டரை மடங்கு விலை சொன்னான். ஒரு கதவுக்கு மட்டும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். அதில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கடைகளில் அதே பளபளப்போடு 202 என்று ஒன்று விற்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். தெரியாது. இரண்டிலும் காந்தம் ஒட்டாது. எனக்கு அது கீலில் தெரிந்தது. காரைக்குடியில் ஒரு கடையில் 304 என்று சொல்லி வாங்கிய கீல்கள், கழுவு கூடத்தில் ஆறு வாரத்தில் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டன. தம்பி, மாங்கனீசு அதிகமிருந்தால் சிவக்கிற பரிசோதனைத் திரவம் ஒரு துளி விட்டு, ஒன்பது வோல்ட் பேட்டரியை வைத்தான். கதவில் விட்ட துளி அப்படியே இருந்தது, கீலில் விட்ட துளி சிவந்தது. கடைக்காரரிடம் போனேன். "ஸ்டீல் ஸ்டீல்தானே ஆச்சி" என்றார். அந்தத் தத்துவத்துக்கு நான் கொடுத்த விலை எட்டுக் கீல்கள். இப்போது திரவம் தொட்டுப் பார்க்காமல் எதற்கும் காசு கொடுப்பதில்லை. 304 என்றாலும் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை அதன்மேல் காயவிட்டால் ஊசிக்குத்துபோலப் புள்ளி விழும். கழுவியபின் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். இதை வேலை செய்பவர்களுக்குப் பழக்குவதற்குத்தான் கதவைச் செய்வதைவிட அதிகக் காலம் ஆனது.

கொல்லைக் கதவுக்கும் பேக்கிங் அறைக்கும் ஜி.ஐ. தகடு என்று தீர்மானித்தோம். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ஜி.ஐ.' என்ற சொல்லை வைத்துத்தான் நிறைய ஏமாற்று நடக்கிறது. தகட்டின்மேல் எவ்வளவு துத்தநாகம் ஏறியிருக்கிறது என்பதை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்வார்கள். இருபுறமும் சேர்த்து 120 கிராம் என்றால் ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான் சொச்சம் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). 275 கிராம் என்றால் ஏறத்தாழ 20 மைக்ரான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வெட்டவெளி அரிப்பை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 தரத்தில், நடுத்தர வகை இடங்களில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை தேயும்; வெற்று இரும்பு 25 முதல் 50 மைக்ரான் போகும். எங்கள் ஊரை நடுத்தரம் என்றே வைத்துக்கொள்வோம். 120 கிராம் தகடு மோசமான நிலையில் நான்கு வருடம். 275 கிராம் அதே நிலையில் ஒன்பது பத்து வருடம், நல்ல நிலையில் இருபத்தைந்தைத் தாண்டும். மேலே பூச்சும் இருந்தால் இன்னும் கூடும். ஆனால் இது மழையும் காற்றும் பட்டுக் காய்கிற சுவர்ப்பகுதிக்கான கணக்கு. குட்டையில் நிற்கும் காலடிக்கு எந்தத் தரமும் எந்த எண்ணும் உறுதி கொடுக்காது.

கடையில் "எத்தனை கிராம்?" என்று கேட்டேன். "நல்ல ஜி.ஐ. ஆச்சி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்றார்கள். கண்ணைத் திறந்துகொண்டே சுருளின் முத்திரையைக் காட்டச் சொன்னேன். காட்டாத இரண்டு கடைகளை விட்டு, காட்டிய மூன்றாவது கடையில் 275 வாங்கினோம். நிலைக்கு 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர், கதவுக்கு 18 கேஜ், 1.2 மில்லிமீட்டர். கேஜ் தடிமனாக இருந்தால் துரு தாமதமாகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. துரு வயிற்றிலிருந்து வந்தால் தடிமன் இரண்டு வருடம் கூட்டித்தரும், அவ்வளவுதான். காசைத் தடிமனில் போடாமல் துத்தநாகத்தில் போட்டேன்.

அப்புறம் அடிப்பாகத்துக்கு வந்தோம். பட்டறையில் ஏற்கெனவே செய்து சாத்திவைத்திருந்த கதவுகளை எல்லாம் தரையில் படுத்துக் கீழிருந்து பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயதில் சேலையோடு பட்டறைத் தரையில் படுத்துப் பார்ப்பவளை அங்கே யாரும் முன்பு கண்டிருக்கமாட்டார்கள். பெரும்பாலான கதவுகள் அடியில் திறந்திருந்தன, அல்லது நான் அறுத்துப் பார்த்த கதவுபோலத் தொட்டி வைத்திருந்தன. எனக்கு வேண்டியதை நான் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து காட்டினேன்: அடிப்பட்டையின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், தகட்டின் இரு முகங்களும் அதைத் தாண்டி அரை அங்குலம் இறங்க வேண்டும், பட்டையில் ஒரு சாணுக்கு ஒன்றாக 8 மில்லிமீட்டர் துளை, மேல்விளிம்பு முழுவதும் மூடி வெல்டிங், பக்கங்களில் இடைவிட்ட புள்ளி வெல்டிங் கூடாது, கோடு விடாமல் ஓட வேண்டும். உள்ளே காகிதத் தேன்கூடு வேண்டாம் என்றேன். அது ஈரத்தைக் குடித்தால் அட்டைப்பெட்டி கதிதான். கொல்லைக் கதவுக்கும் பேக்கிங் அறைக் கதவுக்கும் சூட்டைக் கடத்தாத பஃப் நுரை அடைத்தோம். கொல்லைக் கதவில் அதை அடைத்தது பின்னால் என்னைப் படுத்திய பாட்டைச் சித்திரைக் கதை வரும்போது சொல்கிறேன்.

வெல்டிங் செய்த நாளில் ஒரு விஷயம். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துப் புகையாகிவிடும். வெல்டிங் தீ அதைவிட எவ்வளவோ சூடு. ஆகவே வெல்டிங் ஓடிய ஒவ்வொரு இடத்திலும் நாம் காசு கொடுத்து வாங்கிய காப்பு எரிந்துபோகிறது. அந்த இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாகத் தூள் நிறைந்த பூச்சை இரண்டு கை அடிக்க வேண்டும். வெள்ளி பெயின்ட் அடித்து மறைத்துவிடுவதும் உண்டு. நிறம் ஒன்றாகத்தான் இருக்கும். நான் டப்பாவை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு அருகிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்க்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறைகளில் பரம்பரை வைத்தியம். பாலை நானும் கொடுத்தேன், ஆனால் வேலையை வெட்டவெளியில் மின்விசிறி வைத்துச் செய்ய வைத்தேன். காய்ச்சல் வராததற்குக் காரணம் பால்தான் என்று அவன் இன்றும் சொல்கிறான்.

பூச்சில் ஒரு கதவைத் தவறவிட்டேன். கொல்லைக் கதவுக்கு ஜி.ஐ. தகட்டில் ஒட்டிப்பிடிக்கிற எட்ச் பிரைமர், அதன்மேல் இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி, மேலே பாலியூரித்தேன் என்று ஒழுங்காக நடந்தது. பேக்கிங் அறைக் கதவைப் பூசிய அன்று நான் தேவகோட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். பெயின்டர் பழக்கதோஷத்தில் துத்தநாகத்தின் மேலேயே நேராக எனாமல் அடித்துவிட்டார். எனாமலில் இருக்கும் எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்தால் நடுவில் சோப்புபோல ஒரு படலம் உண்டாகும்; பூச்சு பிடிப்பை இழந்துவிடும். இரண்டே மாதத்தில் வாழைப்பட்டை உரிப்பதுபோல ஒரு முழம் நீளத்துக்கு உரித்தெடுத்தேன். கைக்குச் சுகமாகக்கூட இருந்தது. முழுவதையும் சுரண்டி மறுபடி செய்ததில் இரண்டு நாள் கூலி தண்டம்.

நிலை வைக்கிற நாள் கொத்தனாருக்கும் தம்பிக்கும் வாக்குவாதம். எங்கள் சுவர் செங்கலும் சுண்ணாம்பும். ஒன்றரை அடிக்கு மேல் அகலம். விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டைத் தம்பி அடித்தான். பழைய செங்கல் தூளாகி, போல்ட் வெண்ணெயில் கத்திபோலச் சுற்றியது. கொத்தனார் சிரித்தார். "இந்தச் சுவருக்குக் கை நீட்டிப் பிடிக்கிற இரும்புதான் வேண்டும் தம்பி, முறுக்குகிற இரும்பு வேண்டாம்" என்றார். நிலையில் பக்கத்துக்கு நான்காக ஹோல்டுபாஸ்ட் பட்டை வைத்து, சுவரைக் குடைந்து கலவை போட்டுப் புதைத்தோம். நிலையின் உட்குழியில் கலவை நிறைக்குமுன் அதன் வயிற்றில் தார்போன்ற பிட்டுமன் பூச்சு அடித்துக் காயவைத்தோம். ஈரக் கலவையின் காரம் துத்தநாகத்தை நேராகத் தொடக்கூடாது.

அந்த இடத்தில்தான் கொத்தனார் என்னை முகப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். "தேக்கு நிலை எதில் நிற்கிறது, பாருங்கள் ஆச்சி." நாற்பது வருடமாகத் தாண்டிப்போகிற வாசற்படி. நிலைக்கால் தரையைத் தொடவே இல்லை. கருங்கல்லின்மேல் நிற்கிறது, கல் தரையைவிட உயரம். தலைக்குமேல் முகப்புக் கொட்டகையின் தாழ்ந்த கூரை, சாரல்கூட எட்டாது. தேக்கு நல்ல மரம்தான், ஆனால் அந்த மரத்தை யாரும் நனையவிட்டதில்லை. என் இரும்புக் கதவை நான் கூரையில்லாமல் மேற்கு மழைக்குக் காட்டி, நிலைக்காலைக் கழுவுநீரில் நிறுத்தியிருந்தேன். அவரை வைத்தே கொல்லையிலும் இரண்டரை அங்குலக் கருங்கல் துண்டுகள் இரண்டைப் பதித்து, அதன்மேல் நிலையை நிறுத்தினோம். தரைக்கு வெளிப்பக்கமாகச் சரிவு. தலைக்குமேல் மூன்றடிக்குத் தகரச் சாய்ப்பு. ரசமட்டம் பார்த்து, தூக்குக்குண்டு விட்டு, நிலை நேர்த்தியாக நின்றபிறகு மஞ்சள் குங்குமம் வைத்தேன். இரும்புக்கு எதற்கு என்று தம்பி கேட்டான். நிலை என்றால் நிலைதான்.

கதவுக்கும் தரைக்கும் இடையே 10 மில்லிமீட்டர் விட்டோம். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கே தாராளம் என்பதால் வெளிப்பக்கம் ரப்பர் நாக்கு ஒன்றைப் பட்டை வைத்துத் திருகினோம். உதைபடும் இடத்துக்கு 304 தகடு ஒட்ட ஆசைப்பட்டேன்; ஸ்டெயின்லெஸ்ஸும் துத்தநாகமும் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டால் தேய்வது துத்தநாகம்தான். அதனால் நடுவில் பியூட்டைல் நாடா வைத்து, விளிம்பு முழுவதும் சீலன்ட் ஓட்டினோம்.

பங்குனியில் எல்லாம் முடிந்தது. சித்திரையில் கதவு மக்கர் செய்தது.

மதியம் இரண்டரை மணியானால் கொல்லைக் கதவின் பூட்டு திறக்காது. சாவி சுற்றும், நாக்கு உள்ளே போகாது. மாலை ஆறு மணிக்குத் தொட்டவுடன் திறக்கும். மூன்று நாள் இப்படியே. முறுக்குச் சுற்றுகிற அக்கா ஒருவர் "மத்தியானத்தில் கருப்பர் வந்து கதவைப் பிடித்துக்கொள்கிறார்" என்று சொல்லிவிட்டார். நான்காம் நாள் வாசலில் எலுமிச்சம்பழம் இருந்தது. எடுக்கவில்லை. யார் நம்பிக்கையிலும் நான் கை வைப்பதில்லை. ஆனால் தம்பியையும் வரச்சொன்னேன்.

வெயிலில் இரும்பு நீள்வதால் சிக்குகிறது என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டால் பொருந்தவில்லை. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 12 மைக்ரான் நீளும். ஏழடிக் கதவு 2.1 மீட்டர், விடியலுக்கும் மதியத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றாலும் மொத்தம் ஒரு மில்லிமீட்டர். சுற்றிலும் நாங்கள் விட்டிருந்த இடைவெளி 4 மில்லிமீட்டர். நீட்டம் குற்றவாளியில்லை. அவன் கொண்டுவந்த வெப்பமானியை வெளித்தகட்டில் காட்டினான்: 63 டிகிரி. நான்தான் பழைய கதவின் நினைவாகக் கரும்பச்சை கேட்டிருந்தேன். உள்தகடு 34. நடுவில் பஃப் நுரை, சூட்டை இந்தப் பக்கம் வரவே விடவில்லை. வெளித்தோல் நீண்டு, உள்தோல் நீளாமல் நின்றால் கதவு வில்லாக வளையும். 45 மில்லிமீட்டர் தடிமன், 2.1 மீட்டர் உயரம், 30 டிகிரி வித்தியாசம் என்று போட்டுப் பார்த்தால் நடுவில் 4 மில்லிமீட்டருக்கு மேல் பிதுங்கும். நூல் பிடித்துப் பார்த்தோம். ஏறக்குறைய அதே அளவு. பூட்டு இருப்பது நட்டநடுவில். நாக்கு பட்டையை நெருக்கிக்கொண்டு நிற்க, கருப்பர் மேல் பழி.

வெற்றுத் தகட்டுக் கதவாக இருந்திருந்தால் இரு பக்கமும் சேர்ந்து சூடாகி இவ்வளவு வளைந்திருக்காது. மேல்வெயில் நேராக விழுகிற வெளிக்கதவுக்கு நுரை அடைப்பதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. அந்தப் பக்கம் குளிர்சாதனமும் இல்லையே. அதைச் சொல்லி இனி என்ன? கதவை வெளுத்த சாம்பல் நிறத்துக்கு மாற்றினோம். அதே நேரம், அதே வெயில், 48 டிகிரி. நாதாங்கித் துளையை அரத்தால் 3 மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக நீட்டினோம். சாய்ப்புக்குக் கீழே, மேற்கு வெயில் சரிந்து வரும் நேரத்துக்கு ஒரு கீற்றுத் தட்டி. கத்திரி முழுவதும் பூட்டு ஒழுங்காகத் திறந்தது. எலுமிச்சம்பழத்தால்தான் என்று அக்கா இன்றும் உறுதியாக இருக்கிறார்.

பேக்கிங் அறையில் அதே நுரை தன் வேலையைக் காட்டியது. பலகாரம் நமுத்துப்போகாமல் இருக்க அந்த அறை 23 டிகிரியில் இருக்கும். மழைக்கால மதியத்தில் வெளிக்கூடம் 28 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். முன்பிருந்த ஒற்றைத் தகட்டுக் கதவு அறைக்கு வெளிப்பக்கம் குளிர்ந்த சொம்புபோல வியர்த்து, காலடியில் குட்டை கட்டும். நுரைக் கதவு வியர்க்கவில்லை. அதன் நிலை வியர்த்தது. நிலை ஒரே தகடாக உள்ளிருந்து வெளியே மடிந்து வருவதால் குளிர் அதன் வழியே நடந்துவந்துவிடுகிறது. நிலையின் மடிப்பில் சுற்றிலும் ரப்பர் முத்திரை ஒட்டி, கதவு அதன்மேல் அழுந்தி மூடும்படி கீலை நகர்த்தினோம். அறையை 25-க்கு உயர்த்தினேன். நமுத்துப்போவதற்குக் காரணம் வெப்பம் இல்லை, ஈரம்தானே. இப்போது மேல்மூலைகளில் மட்டும் லேசாக மினுமினுக்கும், துணியால் துடைத்துவிடுகிறோம்.

மறுபடி ஐப்பசி. அடைமழை ஒருவாரம் கொட்டித் தீர்த்த மறுநாள் விடிகாலை, எல்லோரும் வருவதற்குமுன் டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவின்கீழே படுத்தேன். நிலைக்கால் கல்லின்மேல் காய்ந்து நின்றது. வெல்டிங் கோட்டில் பழுப்பு இல்லை. அடியில் உள்ள துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆறில் ஐந்து திறந்திருந்தன. ஆறாவது, கழுவுநீரில் வந்த அரிசிமாவு அப்பிக் காய்ந்து, சுண்ணாம்பு பூசியதுபோல அடைத்திருந்தது. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் குத்தினேன். அரை டம்ளர் தண்ணீர் முகத்திலேயே ஊற்றியது. தெளிவாகத்தான் இருந்தது, துருவின் நிறம் இல்லை.

கதவுக்குப் பின்னால் ஆணியில் இப்போது ஒரு கட்டு ஈர்க்குச்சி தொங்குகிறது. வெள்ளிக்கிழமை கழுவி முடித்தபிறகு குத்திவிட வேண்டும்.